பொடிக் கெளுத்தி

ரங்கனுக்கு ஒரு குணம் உண்டு. தன்னுடையது எதையும் யாரும் ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. அவனுடைய படகைப் பார்த்து, "இன்னா மச்சான், இன்னும் இத்தயே ஓட்டிகினு கீற?" என்று கேட்ட சொந்த மச்சானோடு ஒரு பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்தவன். அவன் வலை, அவன் படகு, அவன் மனைவி அங்காளம்மா வைக்கும் குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக அவன் ஆறு, அனைத்துமே முதல் தரம். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் குப்பத்தில் இருந்தார்கள். அவன் காதுபடச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

முட்டுக்காட்டு முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே இருக்கிறது புதுக்கரைக்குப்பம். அங்கே கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும், பிறகு வத்தும், மறுபடி ஏறும். பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து படகுச் சவாரி போய், கூலிங் கிளாஸ் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ரங்கனுக்குத் தெரியும். மடவை, கிழங்கான், இறால், நண்டு, இவற்றோடு மீசை வைத்த கெளுத்தி. ஆற்றின் அடிச் சேற்றில் படுத்துக்கிடக்கும் அந்தக் கெளுத்திதான் ஒருநாள் தன் குடும்பத்தைக் கல்லூரி மேடை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தும் என்று மட்டும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

அவன் தங்கை தீபலட்சுமி படித்தவள். குப்பத்தில் படித்தவர்கள் பலர் உண்டு. ஆனால் படித்து முடித்து, அதற்கு மேலும் படித்து, அதற்கும் மேலே போய் ஆராய்ச்சி என்று தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவள் அவள் ஒருத்திதான். கல்யாணமாகிச் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்தாள். கணவன் மதியழகன் குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் சாது. சாதுவான மாப்பிள்ளையாகப் பார்த்தது ரங்கன்தான். தங்கை படிப்பை நிறுத்தச் சொல்லாத ஆளாக வேண்டும் என்று தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடையாய் நடந்து தேடினான்.

தீபாவின் ஆராய்ச்சி கெளுத்தி மீனைப் பற்றியது. கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஆற்றில் அது எவ்வளவு வேகத்தில் வளர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"மீனு வளர்றத்த பாக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று குப்பத்தில் சிரித்தார்கள்.

"நீ தெனம் மீன பாக்குற. அது வளந்துதா இல்லையான்னு என்னிக்காவது பாத்திருக்கியா?" என்று ரங்கன் திருப்பிக் கேட்டான். கேட்டவர்களுக்குப் பதில் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

மாதாமாதம் அமாவாசைக்கு மறுநாள் காலையில் தீபா வருவாள். ரங்கன் தன் படகில் போய் அவள் வாங்கிக் கொடுத்திருந்த சின்னக் கண்ணி வலையை வீசுவான். பொடி மீன்கூடத் தப்பாத வலை அது. வந்ததை ஒரு நீலத் தொட்டியில் போட்டுக் கரைக்குக் கொண்டுவருவான். அவள் கரையில் பலகையும் தராசும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு கெளுத்தியின் நீளத்தையும் எடையையும் குறித்துக்கொள்வாள். பிறகு மார்பு முள்ளை எடுத்துத் தனியாக வைப்பாள். அந்த முள்ளை மெல்லிசாக அறுத்துப் பார்த்தால் மரத்தில் தெரிவது போல வளையம் தெரியும், அதை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம் என்று அவள் சொன்னபோது ரங்கன் வாயைப் பிளந்தான்.

கெளுத்தி முள் விஷ முள். வலையிலிருந்து எடுக்கும்போதே கல்லால் தட்டி உடைத்துவிடுவதுதான் அங்கே எல்லோருக்கும் வழக்கம். தங்கைக்காக அவன் உடைக்காமல் எடுத்தான். இரண்டாவது மாதமே கட்டை விரலில் ஒரு குத்து வாங்கினான். கை வீங்கி, ஜுரம் வந்து, ஊசி போட்டுக்கொண்டு, பிறகு ஒரு வாரம் அந்த விரலை எல்லோரிடமும் நீட்டிக் காட்டிக்கொண்டு திரிந்தான். "ஆராய்ச்சில ஆனது" என்பான்.

தீபா படகில் ஏறி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் புதுக்கரைக்குப்பத்தில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை. எந்தச் சாமி சொன்னது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வைப்பதில்லை. ஆகவே வலை வீசுகிற இடத்திலிருந்து கரை வரைக்கும் அந்த நீலத் தொட்டி ரங்கனின் பொறுப்பில் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவன் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தான்.

பொறுக்கினான். அதைச் சொல்லிவிடுவதுதான் நல்லது. விரல் நீளம், உள்ளங்கை நீளம் என்று கிடந்த பொடிக் கெளுத்திகளை எல்லாம் எடுத்து எடுத்துத் தண்ணீரில் விட்டான். கொஞ்சம் மெலிந்தது, மீசை அறுந்தது, சோனியாகத் தெரிந்தது, அதுவும் தண்ணீருக்குப் போனது. கொழுத்து, வாலை அடித்துக்கொண்டு, பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருப்பவை மட்டும் தொட்டியில் தங்கின. அவன் மனசில் கள்ளம் துளிகூட இல்லை. கல்யாணமாகிப் போன தங்கச்சி பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் கையால் அவளுக்குப் போகிறது. பொங்கல் சீருக்குக் கரும்பு வாங்கப் போகிறவன் சூம்பிய கரும்பாகப் பார்த்தா வாங்குவான்? தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்குச் செய்வதில் குறை வைத்தால் ஊர் என்ன சொல்லும்? அவனுக்குத் தெரிந்த நியாயம் இது. இதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் அவன் யாரையும் கேட்கவும் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. தீபாவின் கணக்கில் முட்டுக்காட்டுக் கெளுத்தி அசுர வேகத்தில் வளர்ந்தது. மற்ற ஆற்று முகங்களில் இரண்டு வயசில் எட்டுகிற நீளத்தை இது ஒரு வயசிலேயே எட்டியது. அவளுடைய வழிகாட்டி ரத்தினபாய் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது நிஜமா இருந்தா பெரிய விஷயம்மா" என்றார். அந்த "இருந்தா" ரங்கன் காதுக்கு வந்து சேரவில்லை. "பெரிய விஷயம்" மட்டும் வந்து சேர்ந்தது.

அடுத்த வாரமே குப்பத்து முனையில் ஒரு பிளெக்ஸ் பேனர் எழுந்தது. கேளம்பாக்கத்தில் ஹேமநாத் கடையில் அடித்தது. தீபாவின் பட்டமளிப்புப் படம் ஒரு பக்கம், மூலையில் கைகூப்பிய ரங்கன், நடுவில் பேனரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு கெளுத்தி. ஹேமநாத் இன்டர்நெட்டில் தேடி எடுத்தது அது. ஆள் உயரம், வாய் மட்டும் அண்டா அகலம், எந்த தேசத்து மீனோ. கீழே, "வளர்ச்சியில் முதலிடம் எங்கள் ஆற்றுக் கெளுத்தி! கண்டுபிடித்த முனைவர் தீபலட்சுமி வாழ்க!" என்று போட்டிருந்தது.

தீபா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணா, நான் இன்னும் முனைவர் ஆகல. அது நம்ம மீனும் இல்ல."

"ஆவப்போறதான? மீனுக்கு மீசை கீதுல்ல, அது போதும்" என்றான் ரங்கன். 'வாழ்க'வைப் போடச் சொன்னபோது ரங்கனுக்குக் குரல் தழுதழுத்தது என்று ஹேமநாத் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

ஆராய்ச்சி பாதி வழியைத் தாண்டியதும் அவள் இதுவரை செய்ததை எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து நிபுணர் வருவார். அவர் சரி என்றால்தான் மேலே எழுதி முடித்துப் பட்டம் வாங்க முடியும். தேதி தெரிந்ததிலிருந்து ரங்கனுக்கு நிலைகொள்ளவில்லை. அன்றைக்குக் காலையில் வெள்ளை வேட்டி சட்டை போட்டு, அங்காளம்மாவுக்குப் பட்டுப் புடவை கட்டச் சொல்லி, கேளம்பாக்கத்தில் பஸ் ஏறித் தாம்பரம் போய் இறங்கினான்.

"இன்னாய்யா, கல்யாணத்துக்கா போறோம்?" என்றாள் அங்காளம்மா, வெயிலில் பட்டுப்புடவை ஒட்டிக்கொண்ட எரிச்சலில்.

"கல்யாணம் எல்லாருக்கும் தான் ஆவுது. இது எத்தினி பேருக்கு ஆவுது சொல்லு."

கல்லூரி மரங்களுக்கு நடுவே இருந்த கட்டடத்தில் குளிரூட்டிய அறை. கடைசி வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். மதியழகன் கடையில் லீவு கேட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். தீபா மேடையில் ஏறினாள். திரையில் படங்கள் வந்தன. முதலில் ஆற்றின் படம். தன்னுடைய படகு அதில் ஓரமாகத் தெரிந்ததும் ரங்கன் அங்காளம்மாவின் முழங்கையை இடித்தான். தீபா ஆங்கிலத்தில் பேசினாள். ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் அவள் எங்கேயும் தடுமாறவில்லை என்பது புரிந்தது. சின்னப் பிள்ளையில் இந்தப் பெண் மீன்கூடை மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னது ஞாபகம் வந்து அவனுக்குக் கண் கரித்தது. ஏசிக் காற்று என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டான்.

கடைசியில் ஒரு கோடு வந்தது. செங்குத்தாக மேலே ஏறிய கோடு. அதுதான் அவன் ஆற்றுக் கெளுத்தி என்று மதியழகன் காதில் சொன்னான். பக்கத்தில் மற்ற ஆறுகளின் கோடுகள் சோம்பேறித்தனமாகக் கீழே படுத்திருந்தன. ரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முன் வரிசையில் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த நிபுணர் ஜெபராஜ் சார் இருந்தார். நரைத்த தலை, மெல்லிய குரல். அவர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு, "ஊர்க்காரங்க வந்திருக்காங்க போல. தமிழ்லயே பேசுவோம்" என்றார். ரங்கனுக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

"தீபலட்சுமி, முள்ளை அறுத்து வயசு பார்த்த விதம் ரொம்பச் சுத்தமா இருக்கு. அதுல எனக்குக் கேள்வி இல்ல. ஒரே ஒரு விஷயம். உங்க தொகுப்புல ஒரு வயசுக்குக் கீழே மீனே இல்லையே, ஏன்?"

தீபா ஒரு கணம் தயங்கினாள். "வலையில வரலை சார்."

"வலைக் கண்ணி ரொம்பச் சின்னது, நீங்களே சொல்லியிருக்கீங்க. வந்திருக்கணும். அப்ப ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒண்ணு, மீன் எடுத்த விதத்துல தப்பு. இல்லைன்னா, அந்த ஆத்துல கெளுத்தி குஞ்சு பொரிக்கிறதே நின்னுபோச்சு. இப்ப இருக்கிற பெரிய மீன் போனா அதோட சரி. ஆறு செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரங்கன் காதில் விழவில்லை. அவன் ஆற்றைப் பற்றி, அவன் முகத்துக்கு நேரே, தூத்துக்குடியிலிருந்து வந்த ஓர் ஆள் செத்துக்கொண்டிருக்கிறது என்கிறார். அங்காளம்மா சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் எழுந்துவிட்டான்.

"யாரு சார் சொன்னது ஆறு செத்துகினு கீதுன்னு? எங்க ஆத்துல குஞ்சு மீனு இல்லியா? அள்ள அள்ள வருது சார்! வலைய வீசுனா பாதி பொடிதான். நானே இந்தக் கையால எவ்ளோ எடுத்து எடுத்துத் தண்ணில வுட்டுகினு கீறேன் தெரியுமா? மாசாமாசம் வுடறேன். நல்லதா பாத்துத் தான் எந்தங்கச்சிக்குக் குடுக்கறேன்!"

ரத்தினபாய் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். தீபா திரையைப் பார்த்தாள், அந்தச் செங்குத்துக் கோட்டைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் ரங்கனுக்குப் புரிந்தது. என்ன புரிந்தது என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் வலையின் அடிக்கயிறு கையில் அறுந்தால் தெரிவது போல, ஏதோ அறுந்துவிட்டது என்று தெரிந்தது.

ஜெபராஜ் சார் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். "ஒரு வகுப்புல உசரமான பசங்களை மட்டும் நிறுத்தி போட்டோ எடுத்துட்டு, இந்த ஊர்ப் பசங்க எல்லாம் உசரம்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சு, அண்ணாச்சி."

ரங்கன் நின்றபடியே இருந்தான். உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தங்கை அழுவாள், இல்லை, தன்னைக் கைகாட்டி, "இவரால்தான்" என்பாள் என்று காத்திருந்தான். சொன்னால் சொல்லட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தான்.

தீபா மைக்கைச் சரி செய்தாள். "சார், நீங்க சொன்ன முதல் காரணம்தான். மீன் எடுத்த விதத்துல தப்பு நடந்திருக்கு. எடுக்கறது என் பொறுப்பு. கரையில உட்கார்ந்துட்டு, படகுல என்ன நடக்குதுன்னு நான் பார்க்கல. இந்த முடிவை நான் திரும்ப வாங்கிக்கறேன். ஒரு வருஷம் கொடுங்க, மறுபடி எடுக்கறேன்."

மேடையில் நின்று தன் வாயால் தன் ஒரு வருஷ உழைப்பை அழிக்கிறாள், தலை குனியவில்லை. ஜெபராஜ் சார் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எடுங்க" என்றார்.

வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு டீக்கடை. ரங்கன் கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். அங்காளம்மா நிறுத்தாமல் திட்டிக்கொண்டிருந்தாள். "ஆராய்ச்சிக்குக் குடுக்கறதுல கூடவா சீரு செய்வாங்க? உன் வாய வச்சிகினு கம்முனு குந்திகினு இருந்திருக்கக் கூடாதா? வந்துட்டாரு, ஆத்தோட சொந்தக்காரரு!"

தீபா பையை மாட்டிக்கொண்டு வந்தாள். ரங்கன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன்ணா பொறுக்குன?"

"பொறந்த வூட்லருந்து போறது" என்றான். "அத்துல போயி பொடிய போட்டுக் குடுப்பாங்களா? நீயே சொல்லு."

தீபா அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. "எனக்கும் சந்தேகம் இருந்துச்சுண்ணா. ஒண்ணுகூட சின்னது வரலையேன்னு நாலஞ்சு மாசம் முன்னாடியே தோணுச்சு. கேக்கலை. அண்ணன் கொண்டுவந்து கொடுக்கறதைப் போய், ஏன் இப்படி இருக்குன்னு எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டேன்." அவள் சிரித்தாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. "நீ சீர்னு கொடுத்த, நானும் சீர்னு வாங்கிட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா ஆராய்ச்சி பண்ணோம் போ."

"இன்னா செய்யறது இப்ப?"

"அடுத்த அமாவாசைக்கு நான் படகுல ஏறுறேன். வலை எடுக்கும்போது என் கண்ணு அதுல இருக்கணும்."

ரங்கன் அங்காளம்மாவைப் பார்த்தான். அங்காளம்மா சாலையைப் பார்த்தாள். எந்தச் சாமி சொன்னது என்று தெரியாத அந்த வழக்கம் மூவருக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்றது.

"ஏறு" என்றான் ரங்கன். "காலைல வத்தம் சீக்கிரம் ஆரம்பிக்கும், தண்ணி எறங்கிடும். ராத்திரியே வந்து நம்ம வூட்ல தங்கிடு."

அன்று சாயங்காலமே அவன் பேனரின் கயிற்றைத் தன் கையால் அறுத்து இறக்கினான். அங்காளம்மா அதைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் கருவாடு காய வைத்தாள்.

அமாவாசைக்கு மறுநாள் காலையில் தீபா சுடிதாரை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு படகில் ஏறினாள். துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் கைவேலையை நிறுத்தினார்கள். ஒருவர், "இன்னா ரங்கா, புதுப் பழக்கமா கீதே" என்று ஆரம்பித்தார்.

"என் படகு. எந்தங்கச்சி. மீனு வரலன்னா எனக்குத்தான வராது?" என்று சொல்லிவிட்டு அவன் கோலை ஊன்றித் தள்ளினான். மீன் வந்தது. அன்றைக்கு மற்றவர்களுக்கும் வந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வலை மேலே வந்ததும் தீபா அப்படியே தொட்டியில் கவிழ்க்கச் சொன்னாள். கவிழ்த்தான். கொழுத்த கெளுத்திகளுக்கு நடுவே பொடிகள் நெளிந்து கிடந்தன. ரங்கனின் வலது கை தானாகத் தொட்டிக்கு மேலே போனது. தீபா நிமிர்ந்து பார்த்தாள். கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால்கூட அப்படி நின்றதில்லை.

முதல் சில மாதம் அவனுக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. விரல் நீளக் கெளுத்தியைப் பலகையில் வைத்து அளந்து, அதற்கு ஒரு வரி எழுதுகிற தங்கையைப் பார்த்தால் அவமானமாக இருந்தது. இத்தைப் போய் தூத்துக்குடிக்காரர் பார்ப்பாரே என்று நினைத்தான். பிறகு ஒரு காலையில், பலகையில் கிடந்த ஒரு மீனைப் பார்த்து நின்றுவிட்டான்.

"தீபா, இந்தக் கூட்டம் போன மாசம் விரல் அளவு இருந்துச்சுல்ல? இப்ப பாரு, உள்ளங்கைய தாண்டிடுச்சு."

தீபா எழுதுவதை நிறுத்தினாள். "அதேதான்ணா. ஒரே சமயத்துல பொறந்த கூட்டம் மாசாமாசம் எவ்வளவு நகருதுன்னு இப்பதான் தெரியுது. பெரிய மீனை மட்டும் பார்த்தா வளர்ந்தது தெரியும். வளர்றது தெரியாது."

அன்றிலிருந்து ரங்கனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தக் கூட்டம் எங்கே வந்திருக்கிறது என்று தேடினான். மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் நிறைய இறங்கியபோது அதன் வளர்ச்சி தயங்கியது, முகத்துவாரம் திறந்து உப்புத் தண்ணீர் ஏறியதும் மறுபடி ஓடத் தொடங்கியது. தங்கை சொல்வதற்கு முன்னால் அவன் கட்டை விரலை மீன் பக்கத்தில் வைத்து அளவு சொல்வான். பாதி நாள் தப்பாகச் சொல்வான். பலகை அவனைத் திருத்தும். டீக்கடையில், "நம்ம புள்ளைங்க இப்ப ஒன்றரை விரல் வளந்திருக்காங்க" என்பான். யார் வீட்டுப் பிள்ளை என்று ஆட்கள் குழம்புவார்கள்.

வருஷம் முடிந்து, எழுதி முடித்து, கடைசி நேர்காணலுக்கும் ஜெபராஜ் சாரே வந்தார். ரங்கன் அதே கடைசி வரிசையில், அங்காளம்மா சொல்வதற்கு முன்பே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் கோடு வந்தது. இந்த முறை அது செங்குத்தாக ஏறவில்லை. மற்ற ஆறுகளின் கோடுகளுக்கு நடுவே, அவற்றோடு சேர்ந்து, சாய்வாக நடந்தது. நடுத்தரம். சில ஆறுகளில் கெளுத்தி இதைவிட வேகமாகவே வளர்ந்தது. ஆனால் கோட்டின் ஆரம்பத்தில், போன வருஷம் வெறுமையாக இருந்த இடத்தில், புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன.

ஜெபராஜ் சார் அந்தப் புள்ளிகளைத்தான் வெகுநேரம் பார்த்தார். "இவ்வளவு குஞ்சு உள்ள ஆத்துமுகம் இந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். பிறகு திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். "அண்ணாச்சி, ஆறு சாகலை. ஒத்துக்கறேன்." அறை சிரித்தது. ரங்கன் துண்டை எடுக்காமலேயே கும்பிட்டான். அந்தத் துண்டு வாய்க்கு மட்டுமல்ல, கண்ணுக்கும்தான் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது, நனைந்திருந்தது.

மறுநாள் அவன் ஹேமநாத் கடைக்குப் போனான். வீட்டில் சொல்லவில்லை. பேனர் என்றால் அங்காளம்மா கதவைச் சாத்தியிருப்பாள்.

"வாங்கண்ணா! போன தடவ போட்ட ஃபைல் அப்படியே கீது. இப்ப நெஜமாவே முனைவர், இல்ல?" என்றான் ஹேமநாத். "அந்தப் பெரிய மீனே இருக்கட்டும். 'முதலிடம்'னு பெருசா போட்டுடறேன்."

"முதலிடம் இல்ல."

"பின்ன?"

"நடுவுல."

"நடுவுலன்னு எப்டிண்ணா பேனர்ல போடறது?"

"போட வேணாம். அவ பேரு போடு, முனைவர்னு போடு, ஊரு பேரு போடு. மீனு இது." ரங்கன் போனை நீட்டினான். அளவுப் பலகையில் ஒரு பொடிக் கெளுத்தி, நாலு முடி மீசையோடு, பக்கத்தில் கறுத்த ஒரு கட்டை விரல். படகில் அவனே எடுத்தது, கொஞ்சம் ஆடியிருந்தது.

ஹேமநாத் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மௌஸைப் பிடித்து இழுத்தான். விரல் அளவு மீன் திமிங்கிலம் போல ஊதி பேனரின் இரண்டு மூலையையும் தொட்டது. "பாருங்கண்ணா, எப்டி கீது?"

"பெருசு பண்ணாத" என்றான் ரங்கன். "இருக்கற அளவுலயே போடு."

"அண்ணா, பத்தடி பேனரு. அத்தினூண்டு போட்டா யாருக்குத் தெரியும்?"

"கிட்ட வந்து பாக்கட்டும்."

ஹேமநாத் தலையைச் சொறிந்தான், ஆனால் செய்தான். இயந்திரம் இழுத்து இழுத்துப் பேனரைத் துப்பியது. மை காய்ந்ததும் அதைத் தரையில் விரித்தார்கள். பெரிய நீல வெளியில் தீபாவின் முகம், அவள் பெயர், ஊர் பெயர். நடுவில் எங்கேயோ அந்தப் பொடிக் கெளுத்தி. ரங்கன் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேனர் மேல் மண்டியிட்டான். முள் குத்திய வடு இருக்கும் தன் கட்டை விரலை, அச்சில் இருந்த விரலின் மேல் வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

"சுத்தமா சுருட்டிக் குடு" என்றான். "மடிச்சிடாத, மீனு மேல மடிப்பு விழும்."